ஏழு சிவப்பு

"பி செக்‌ஷன்ல எல்லாரும் பச்சை. உங்க ஏ செக்‌ஷன்ல மட்டும் ஏழு சிவப்பு! என்ன டீச்சர் இது?"

சதுரங்கப்பட்டினம் பக்கத்தில் இருந்த அந்தத் தனியார் பள்ளியின் ஸ்டாஃப் ரூமில், எல்லாரையும் வைத்துக்கொண்டே கேட்டார் கரஸ்பாண்டென்ட் தர்மராஜ். இரண்டாம் வகுப்பு ரேணுகா டீச்சருக்கு முகம் சுண்டிப்போயிற்று.

முந்தின வாரம்தான் பிள்ளைகள் எழுதுவதைச் சோதிக்க ஹெலன் என்ற பெண் டேப்லெட்டும் அதில் எழுதும் பேனாவுமாக வந்திருந்தாள். பிள்ளைகள் அதில் சுழி, வளைந்த கோடு, நாலைந்து எழுத்து போட வேண்டும். கை எங்கே தயங்குகிறது, எங்கே அழுத்துகிறது என்று அது பார்த்துக்கொள்ளும். எழுதுவதில் சிரமம் இருக்கலாம் என்று பட்டால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை.

"இதுல பாஸ், ஃபெயில் எதுவும் கிடையாது. தயவுசெஞ்சு முன்னாடியே பழக்கிடாதீங்க" என்று ஹெலன் தேதி குறிக்கும்போதே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

தர்மராஜ் விடுவாரா? நூறு சதவீதத் தேர்ச்சி என்று ஊரெல்லாம் பேனர் கட்டுகிற மனுஷர். வேறொரு பள்ளியிலிருந்து அந்த டெஸ்ட்டின் மாதிரியை வாங்கி வந்து, "இதே சுழி, இதே கோடு. ஒரு வாரம் போட வைங்க" என்று உத்தரவே போட்டுவிட்டார்.

பி செக்‌ஷன் பிரிசில்லா டீச்சர் அட்சரம் பிசகாமல் செய்து முடித்தாள்.

"நீங்க ஏன் செய்யல?" என்று இப்போது ரேணுகாவைக் கேட்டார் தர்மராஜ்.

"பிள்ளைங்க கையைத்தானே சார் பார்க்க வந்தாங்க, என் கையை இல்லையே?"

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. அடுத்த வருஷம் உங்களுக்கு எல்.கே.ஜி.தான். போங்க."

பிரிசில்லா கர்ச்சீப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம், சிவப்பு வந்த ஏழு பேரில் ஒருத்தியான காயத்ரியின் அம்மா வேண்டா, கல்பாக்கம் கேன்டீன் வேலையிலிருந்து நேராக ஓடி வந்தாள்.

"இன்னா டீச்சர், மெஷினு எம்பொண்ணுக்கு சிவப்பு காட்டிச்சாமே? மண்டையில எதுனா கோளாறா?"

"ஐயோ, அதெல்லாம் இல்லம்மா. காயத்ரி படு சுட்டி. விரலுக்குத்தான் கொஞ்சம் பழக்கம் வேணும். சனிக்கிழமை சனிக்கிழமை ஹெலன் மேடமே வந்து சொல்லித் தருவாங்க. களிமண் பிசையறது, மணி கோக்கறது... விளையாட்டு மாதிரிதான்."

வேண்டா, பக்கத்தில் நின்ற மகளின் விரல்களைப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்போ அது வேணும்னு கிறுக்கலியா? சோம்பேறின்னு தெனம் அட்ச்சிகினு கெடந்தேனே டீச்சர்..."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். எல்.கே.ஜி. என்ன, ஆயா வேலை கொடுத்தாலும் பரவாயில்லை என்றிருந்தது ரேணுகாவுக்கு.

அப்புறம் சனிக்கிழமைகளில் ஏழு பிள்ளைகளும் போட்ட கூச்சலில் பள்ளியே அதிர்ந்தது. இரண்டு மாதத்தில் காயத்ரி தன் பெயரைக் கோட்டுக்குள் அடக்கி எழுதி, வாட்ச்மேன் வரைக்கும் காட்டிவிட்டு வந்தாள். தர்மராஜ் ஜன்னலுக்கு வெளியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை ரேணுகாவைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காருங்க டீச்சர்."

அந்த அறையில் அவளை இதுவரை உட்காரச் சொன்னதில்லை.

"அந்த சனிக்கிழமை கிளாஸ்ல வேற பிள்ளைங்களைச் சேர்த்துப்பாங்களா?"

"சிவப்பு வந்தவங்களுக்கு மட்டும்தான் சார். பச்சைன்னா ஒரு குறையும் இல்லைன்னு அர்த்தமாச்சே?"

தர்மராஜ் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியது.

"பி செக்‌ஷன்ல என் பேரன் பிரவின்குமார் இருக்கான். வீட்ல பென்சிலைக் கண்டாலே அழறான். நாலு வரி எழுதறதுக்குள்ள கை வலிக்குதுங்கறான்."

ரேணுகாவுக்குப் பாவமாக இருந்தது. "வர்ற வாரம் திரும்ப ஒரு டெஸ்ட் வைக்கச் சொல்றேன் சார்."

அவர் முகம் மலர்ந்தது. மேஜை மேல் குனிந்து, இரண்டு கைகளையும் கூப்பினார்.

"எப்படியாவது அவனை ஃபெயிலாக்கி விட்டுடுங்க டீச்சர்!"