கண்ணாடியை ஒட்டிய பக்கம்

பிள்ளைகளே, ஜப்பானின் நீஹாமா ஆலையில், மணிக்கட்டில் பழைய தீக்காய வடு கொண்ட நொபுயேவுக்கு ஒரே வேலை. கடுஞ்சூடு தாங்கும் கோபாலிமர் என்னும் பிளாஸ்டிக்கைக் கரைத்துக் கண்ணாடித் தகட்டில் ஊற்றி, உலர்ந்ததும் பொன்னிறப் படலமாக உரிப்பாள். இறந்துபோன கணவன் தெத்சுரோவின் தகனமும் காரியங்களும் முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய அன்று, படலத்தில், கண்ணாடியை ஒட்டியிருந்த பக்கத்தில், ஒரு கைத்தடம் இருந்தது.

"யாரு கைய வச்சது?" என்றார் மேலாளர் ஹமாகுச்சி.

"கண்ணாடிக்கும் படலத்துக்கும் நடுவுல நுழைய நான் என்ன காகிதமாங்க?" என்றாள் நொபுயே.

தடத்தில் மோதிர விரல் பாதிதான் இருந்தது, தெத்சுரோவுக்கு இருந்ததுபோலவே. படலத்தைக் கரைத்து, வடிகட்டி, மறுபடி ஊற்றினாள். தடம் திரும்பி வந்தது.

"கழிவோட எரிச்சிடலாம், நொபுயே-சான்."

"ஒருதடவ எரிச்சாச்சுங்க," என்றாள் அவள்.

ஹமாகுச்சி தலைகுனிந்தார். "சரி, கடைசியா ஒருதடவ கரைச்சுப் பாருங்க."

மறுநாள் உரித்தபோது தடத்தின் விரல்கள் மடங்கி, இன்னொரு சிறிய கையைப் பிடித்திருந்தன. அதன் மணிக்கட்டில் நொபுயேவின் தீக்காய வடு தெளிவாகப் பதிந்திருந்தது.