மாமன் போட்ட குச்சு

“நான் குச்சுல உக்கார மாட்டேன்! என்னை வெளிய தள்ளுறதுக்கு நான் என்ன தப்புப் பண்ணுனேன்?”

வேல்விழி காலையிலிருந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நேற்றுத்தான் வயசுக்கு வந்திருந்தாள்.

“ஏழு நாளுதான் ஆத்தா,” என்று அம்மா முத்துலட்சுமி கெஞ்சினாள். “மாமன் வந்து பச்சை ஓலையில குச்சு கட்டுவான். அதுல தனியா இரு. ஏழாம் நாளு தண்ணி ஊத்தி வீட்டுக்குள்ள கூப்பிட்டுட்டு, குச்சைப் பிரிச்சு எரிச்சிருவாக. அம்புட்டுத்தான்.”

“முறைய விட்டா ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாக?” என்றாள் ராஜாத்தி அத்தை. அப்பாவின் அக்கா. முறை என்று வந்துவிட்டால் சுருளிப்பட்டியில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

மாமா வரமாட்டார் என்றுதான் வேல்விழி தைரியமாக இருந்தாள். சித்திரையில் அப்பாவுக்கும் அவருக்கும் பெரிய சண்டை. எதற்கென்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் இந்த வாசலை மிதிக்கவே இல்லை.

ஆனால் மாமா வந்துவிட்டார். சின்னமனூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மாரிசெல்வம், குட்டியானை வண்டியோடு வந்து இறங்கினார். வண்டியில் மருந்துக்குக்கூட ஓலை இல்லை. இரும்புப் பைப்பு, தகர ஷீட்டு, டிரில் மிஷின் என்று கிடந்தது.

“என்னப்பா இது? நம்ம ஊர்ல தென்னைக்கா பஞ்சம்?” என்றாள் அத்தை.

“எனக்குக் கைவந்தது இரும்புதான் மதினி. குச்சு போடணும்னு சொன்னீக, போடுறேன்.”

அப்பா பாண்டீஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். முறை செய்ய வந்த தாய்மாமனை எந்த வாயால் போகச் சொல்வது?

வீட்டின் பின்சுவரில் டிரில் இறங்கியது. சுவரில் இரும்பு ஆங்கிளை வைத்துப் போல்ட்டு முடுக்கினார் மாமா. கால் நட்டு கான்கிரீட் போட்டார். தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்துக் கூரை இறக்கினார். சுற்றிலும் ஷீட்டு, ஒரு கதவு, திராட்சைத் தோட்டத்தைப் பார்த்து ஒரு ஜன்னல்.

“குச்சுக்கு எதுக்குப்பா ஜன்னலு?”

“புள்ளைக்குக் காத்து வேணாமா மதினி?”

பக்கத்து வீடுகளில் சும்மா இருப்பார்களா? “மச்சான் மேல உள்ள கோவத்தைப் புள்ள மேல காட்டுறான். ஜெயிலையில்ல கட்டிருக்கான்!” என்று வேடிக்கை பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வேல்விழிக்கு ஆத்திரத்தில் அழுகை வந்தது. சைக்கிள் வாங்கிக்கொடுத்த மாமாவா இப்படி?

“நீங்களும் என்னை வெளிய தள்ளுறீகளா மாமா?”

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “உள்ள போயி உக்காரு. புத்தகப் பையையும் எடுத்துக்க.”

அழுதுகொண்டேதான் போனாள்.

ஏழாம் நாள் தண்ணீர் ஊற்றி, மாமன் எடுத்த பட்டுப்பாவாடை கட்டி, ஆலாத்தி சுற்றி வேல்விழியை வீட்டுக்குள் அழைத்தார்கள். பந்தி முடிந்ததும் அத்தை ஆரம்பித்தாள்.

“அந்தக் குச்சைப் பிரிச்சு எரிங்கப்பா. தீட்டை வச்சிக்கிட்டு இருக்கக் கூடாது.”

மாமா சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினார்.

“எரிங்க மதினி.”

அத்தை இரும்பையும் தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “இது எப்பிடிப்பா எரியும்?”

“எரியாதுல்ல? அப்ப பிரிக்கணும். மாமன் போட்ட குச்சை மாமன்தான பிரிக்கணும்? நான் பிரிக்க மாட்டேன்.”

அப்பாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஏய் மாப்ள! புள்ள படிக்க வீட்டுச் சுவத்தை ஒட்டி ஒரு சாய்ப்பு இறக்கித் தாரேன்னு சித்திரையில நீ வந்தப்பவே சொன்னேன்ல? டிவிக்கும் அடுப்புக்கும் நடுவுல உக்காந்து படிச்சாப் போதும், பொட்டப்புள்ளைக்கு எதுக்குத் தனி ரூமுன்னு? என் சுவத்துல ஒரு ஆணி அடிக்கக் கூடாதுன்னு?”

“சொன்னீக. அது சாய்ப்பு மச்சான், உங்களக் கேக்க வேண்டியிருந்துச்சு. இது குச்சு. தாய்மாமன் போடுறத எவரும் தடுக்க முடியாது. வேணும்னா முறைய மதினிகிட்டக் கேளுங்க.”



“வேல்விழி எங்கடி?” என்று அப்பா அம்மாவிடம் எரிந்து விழுந்தார். வீட்டுக்குள் அவளைக் காணோம். புத்தகப் பையும் இல்லை.

பின்பக்கம் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. மாமா அந்தக் குச்சுக் கதவுக்குத் தாழ்ப்பாளை உள்பக்கம் மட்டும்தான் வைத்திருந்தார்.

அத்தை ஓடிப்போய்த் தட்டினாள். “ஏத்தா, ஏழு நாளு முடிஞ்சு போச்சு. வெளிய வா!”

“வர மாட்டேன் அத்தை. நான் குச்சுலதான் உக்காருவேன்!”