முப்பத்தாறு பாத்திகளுக்கு வெளியே

"லல்லா, பூசல்ஹாம் சோதனைக் கிழங்கைத் திருடி ஊருக்குள்ள விடுறான்!"

டிரைவர் மிலூத் தன் கைபேசியைக் கிஸ்லானின் மேசையில் வைத்தான். படத்தில் நாலு பெண்கள். முதுகில் மூட்டை. பின்னால் தெரிந்தது அலுவலகத்தின் சோதனை வயல்.

"எப்ப எடுத்தது?"

"வெள்ளிக்கிழமை காலைல. என்னடான்னு கேட்டா, வருஷா வருஷம் தோண்டினப்புறம் மிச்சம் பொறுக்க வர்றவங்கதானேங்கிறான்."

கிஸ்லான் படத்தைப் பெரிதாக்கி மூட்டைகளைப் பார்த்தாள்.

வெளிநாட்டுப் பூச்சிமருந்துக் கம்பெனிகளுக்காக வயலைக் குத்தகைக்கு எடுத்து, புது மருந்துகளைத் தெளித்துப் பார்த்துச் சொல்கிற சின்ன அலுவலகம் அது. லராஷ் ஊரில் இருந்த அதில் வேலை பார்ப்பவர்கள் மொத்தமே ஆறு பேர். பெண்களை 'லல்லா' என்றும் ஆண்களை 'ஸி' என்றும் மரியாதையாகக் கூப்பிடுவது அந்த ஊர் வழக்கம். பாத்தி பாத்தியாக டேப்லெட்டில் ஏறுகிற தகவலுக்கெல்லாம் கிஸ்லான்தான் பொறுப்பு.

இந்த மருந்துக்கு இன்னும் அனுமதி வரவில்லை. அதனால் தோண்டிய உருளைக்கிழங்கு முழுவதையும் எடை போட்டு, குழியில் கொட்டி, சுண்ணாம்பு தூவி மூட வேண்டும். ஒன்றுகூட ஒருவர் வாய்க்கும் போகக் கூடாது.

மென்பொருளைத் திறந்தாள். முப்பத்தாறு பாத்தி. தோண்டியது 1,184 கிலோ. குழிக்குப் போனதும் 1,184 கிலோ.

"எடை சரியா இருக்கே மிலூத்."

"எழுதினது யாரு? பூனைகிட்டயே பால் எவ்வளவு மிச்சம்னு கேட்டா?"

அவள் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். பூசல்ஹாமின் டேப்லெட் எங்கே, எப்போது திறக்கப்பட்டது என்று தானாகவே பதிவாகும் பக்கம். வெள்ளிக்கிழமை காலை 5.12 முதல் 6.05 வரை வயலோரம். வேலை தொடங்குவது எட்டு மணிக்கு.

கூப்பிட்டதும் பூசல்ஹாம் வந்து நின்றான். பதினோரு வருஷமாக இங்கே வயல் வேலை பார்ப்பவன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஸி பூசல்ஹாம், வெள்ளிக்கிழமை விடியக்காலைல வயல்ல என்ன வேலை?"

"கொஞ்சம் வேலை இருந்துச்சு லல்லா."

"ஏன் பதிவு பண்ணலை?"

"சோதனைக்குச் சம்பந்தமில்லாத வேலை."

"அந்தப் பொம்பளைங்க மூட்டையில கிழங்கு எப்படி வந்தது? என்ன மருந்துன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? என் கையாலதானே தெளிச்சேன்."



கிஸ்லான் விதிமீறல் அறிக்கையைத் திறந்து அவன் பெயரை அடித்தாள். அனுப்பிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. எந்தச் சோதனை வயலிலும் இனி அவன் கால் வைக்க முடியாது. மூன்று பிள்ளைகள் அவனுக்கு.

விரல் நின்றது. முதலில் அந்தக் கிழங்கைத் திரும்ப வாங்க வேண்டும். யாராவது சமைத்துவிட்டால்?

"படத்துல முன்னாடி போறது ஃபத்தூமாதானே? அவ வீட்டுக்குப் போறேன்."

அப்போதுதான் பூசல்ஹாமின் முகம் மாறியது.

"வேண்டாம் லல்லா! என் பேரை அனுப்பிடுங்க, பரவாயில்ல. அவங்ககிட்ட மட்டும் ஒண்ணும் கேட்காதீங்க."

"பார்த்தீங்களா?" என்றான் மிலூத்.

ஃபத்தூமா கணவனை இழந்தவள். வாசலில் உட்கார்ந்து கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கிஸ்லான் வண்டியிலிருந்து பாதி குதித்தே இறங்கினாள்.

"கத்தியைக் கீழ வை! அது மருந்து அடிச்ச கிழங்கு!"

ஃபத்தூமா நிதானமாக ஒரு கிழங்கை எடுத்து நீட்டினாள்.

"இதுவா?"

சிவப்புத் தோல்.

முப்பத்தாறு பாத்தியிலும் போட்டிருந்தது மஞ்சள் தோல் உருளைக்கிழங்கு. கிஸ்லானே பார்த்து வாங்கிய விதை.

"இது... எங்க கிடைச்சது?"

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், உழுது போட்ட தரிசுல. இந்த வருஷம் உங்க வயல்ல பொறுக்கக் கூடாதுன்னு பூசல்ஹாம் சொல்லிட்டான். தரிசுல போன தடவை நட்டது தப்பிக் கிடக்கும், தோண்டிப் பாருங்கன்னான். தோண்டினோம். ஒரு சாண் ஆழத்துல வரிசையாக் கிடந்துச்சு."

கிஸ்லான் டேப்லெட்டில் வரைபடத்தைப் பெரிதாக்கினாள். 5.12-க்கு அவன் திறந்து பார்த்ததும் இதே வரைபடம்தான். அவன் நின்ற புள்ளி வாய்க்காலைத் தாண்டி இருந்தது. மருந்து எட்டாத தூரம். பாத்தி எண்கூட இல்லாத இடம்.

"சந்தையில வாங்கிப் புதைச்சு..." என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். சொல்லிவிட்டோமோ?

ஃபத்தூமா சிரித்தாள்.

"தெரியும் லல்லா. ஒவ்வொரு கிழங்கும் கழுவின முகத்தோட இருந்துச்சு. எந்த ஊர் மண்ணுலயாவது கிழங்கு குளிச்சிட்டு விளையுமா?"

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"போன நோன்புக்கு அவன் ஒரு மூட்டை மாவு குடுத்து விட்டான். திருப்பி அனுப்பிட்டேன். தானம் வாங்கினா குடுக்கிறவன் முகத்தைப் பார்க்கணும். பொறுக்கினா மண்ணைப் பார்த்தாப் போதும். அது அவனுக்குப் புரிஞ்சிருக்கு."

கிஸ்லான் அறிக்கையை மூடினாள். 'சேமிக்காமல் நீக்கலாமா?' என்று திரை கேட்டது. ஆம் என்பதைத் தொட்டாள்.

வண்டியில் ஏறப்போனவளை ஃபத்தூமா பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"லல்லா! எங்களுக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதீங்க. நாங்க தோண்டும்போது வேலிக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு பார்த்துட்டிருந்தான். அவனுக்காகத்தான் நாங்க நாலு பேரும், ஒவ்வொரு கிழங்கு கிடைக்கும்போதும் ஆச்சரியப்பட்டோம்."