ஒட்டிப் பிறந்தவள்

ஆங்கில அச்சகம் ஒன்றில் Æ என்ற ஈய எழுத்து இருந்தாள். A-யும் E-யும் ஒட்டிப் பிறந்த ஒரே உடம்பு அவளுக்கு. ஒருநாள் மற்ற எழுத்துகள் கூடி வந்து, “இங்கே உனக்கென்று தனி அறை கிடையாது. இரண்டாகப் பிரிந்து நில். இல்லாவிட்டால் உருக்குகிற சட்டிக்குப் போ,” என்றார்கள்.

“பிளந்த பிறகு நான் ஏது?” என்று கேட்டுவிட்டு Æ வெளியேறினாள்.

ஜெர்மன் அச்சகத்தில் ä அன்பாகத்தான் வரவேற்றாள். “E-யை விட்டுவிடு தங்கச்சி. என்னைப் போலத் தலையில் இரண்டு புள்ளி வைத்துக்கொள். இங்கேயே பிழைத்துக்கொள்ளலாம்.”

“அவள் என் பாதி உடம்பு அக்கா. அறுத்துப் போட்டுவிட்டுப் பொட்டு வைத்துக்கொள்ளவா?”

அங்கும் நிற்காமல் நடந்தவள் நார்வேயின் வடகோடியில் ஒரு சின்ன அச்சகத்துக்குள் நுழைந்தாள். மீன்காரி ஒருத்தியின் கடிதத்தை அவள் ஊர்ப் பேச்சிலேயே அங்கே அச்சுக் கோத்துக்கொண்டிருந்தார்கள்.

“நானும் பிரிந்துதான் நிற்கணுமோ?” என்று Æ விறைப்பாகக் கேட்டாள்.

“எதற்கு?” என்றாள் வரியில் நின்ற Ø. “உனக்காகத்தான் முதல் இடம் காலியாக இருக்கிறது. இந்த ஊரில் நீ ஒருத்தியே ஒரு முழுச் சொல்.”

“என்ன சொல்?”

“‘நான்’ என்ற சொல். இந்த ஊர்க்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ள உன்னைத்தான் சொல்வார்கள்.”

Æ வரியின் முதல் இடத்தில் ஏறி, இரண்டு காலையும் அழுத்தி ஊன்றி நின்றாள்.