குழல் பார்க்கும் திசை

ரைஃபிளைத் துடைக்கத் தோதான தாங்கி தேடுகிறார், ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற வால்டர். கோர்படியில் உள்ள வீட்டின் கூடத்தில் மாலை வெயில் எண்ணெய்க் குப்பியில் மினுங்குகிறது. மனைவி சத்தியவதியின் கண்ணெல்லாம் குழலின் வாய் மேல்தான். தலையணையில் கிடத்தினால் அது அடுப்படியைப் பார்க்கிறது. ஷூ பெட்டியில் வைத்தால் வாசலைப் பார்க்கிறது. மகள் கரோலின் ஸ்கூல் விட்டு வரும் நேரம். "காலிதான் சத்யா, நானே பாத்துட்டேன்," என்கிறார் வால்டர். அவள் ஸ்டூலைக் கவிழ்த்து, கால்களை இணைக்கும் குறுக்குக் கட்டைகளின் மேல் பழைய துண்டை விரிக்கிறாள். "இதுல வைங்க." இப்போது குழல், சுவரில் இன்னும் தொங்கும் போன வருஷத்துக் காலண்டரைப் பார்க்கிறது. துணி பிடித்த அவர் கை அப்படியே நின்றுவிடுகிறது. காலண்டருக்குப் பின்னால் இருக்கும் ஓட்டை, போன வருஷம் துடைத்த அன்றைக்கும் அவர் காலிதான் என்று சொன்ன பிறகு விழுந்தது.