உன்னைத்தான் சொல்றா

ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் பச்சைப் பவளம் ஒன்று பயந்து பயந்து வாழ்ந்துவந்தது. ஒருநாள் தொட்டிக்காரம்மா குனிந்து பார்த்து, "அடியம்மா, என்னமா வளர்ந்திருக்கு!" என்றாள். போன வாரம் பக்கத்துச் சிவப்புப் பவளத்திடமும் இதையேதான் சொன்னாள். மறுநாளே அதைக் கத்தரிக்கோலால் நறுக்கி, துண்டைத் தனியாக வளர்க்கப் பொத்தானளவு கல்லில் பசை வைத்து ஒட்டிவிட்டாள்.

"நத்தையண்ணே, அவ கண்ணு என்மேல பட்டுடுச்சு!"

"கையையெல்லாம் உள்ளே இழுத்துக்கோ. இளைச்ச மாதிரி தெரிஞ்சா விட்டுடுவா," என்றது கண்ணாடியில் பாசி மேய்ந்துகொண்டிருந்த நத்தை.

பவளம் தன் நூறு குட்டிக் கைகளையும் இழுத்துக்கொண்டு மூச்சுக்காட்டாமல் கிடந்தது. மறுநாள் கத்தரிக்கோல் தண்ணீருக்குள் இறங்கியது. நறுக்கென்று ஒரு சத்தம்.

வெகுநேரம் கழித்துப் பவளம் ஒரே ஒரு கையை நீட்டிப் பார்த்தது. எதிரே ஒரு குட்டிக் கல்லில் பச்சைத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

"அப்பாடா, நான் தப்பிச்சேன்! பாவம், யாரோ மாட்டிக்கிட்டாங்க," என்றது பவளம்.

கல்லில் இருந்த துண்டும் ஒரு கையை நீட்டியது. "நத்தையண்ணே, நல்லவேளை நான் தப்பிச்சேன்! எதிர்ல இருக்கறதைத்தான் வெட்டிட்டா, பாவம்."

நத்தை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆமா, ஆமா," என்று பொதுவாகச் சொல்லிவைத்தது.

சில மாதங்கள் போயின. தொட்டிக்காரம்மாவின் முகம் மறுபடி கண்ணாடியருகே வந்தது.

"அடியம்மா, என்னமா வளர்ந்திருக்கு!"

இரண்டும் கைகளை உள்ளே இழுத்துக்கொண்டன.

"உன்னைத்தான் சொல்றா," என்றன, ஒரே குரலில்.