பிரிக்காத பெட்டி

தேவாலயத்தின் பெஞ்சுக்கு அடியில் அட்டைப்பெட்டி பிரிக்காமலே கிடந்தது. கட்சித் தொண்டன் ராஸ்கோ கடிகாரத்தைப் பார்த்தான்.

உள்ளே முந்நூறு விசிறிகள். ஒவ்வொன்றிலும் எம்.பி. விட்காமின் சிரித்த முகம், கீழே ஒரு வாக்குறுதி. தேர்தல் வந்தால் கறுப்பர் தேவாலயங்களுக்கு விசிறி கொடுப்பது அந்த ஜார்ஜியா ஊரில் கட்சியின் வழக்கம். சுமந்து வந்தது ராஸ்கோதான். இன்னும் பத்து நிமிஷத்தில் விட்காமே வந்துவிடுவார்.

வெள்ளைக் கையுறையோடு வாசலில் நின்று, வருகிறவர்களை உட்கார வைத்துக்கொண்டிருந்தாள் வெர்லீன். முப்பது வருஷமாகக் கட்சிக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவள். போன மாதம் அவள் தங்கைக்கு மாரடைப்பு. ஐம்பது மைல் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. அன்றிலிருந்தே அவள் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை.

"என்னக்கா, எதிர்க்கட்சிப் பக்கம் தாவிட்டீங்களா?" என்று ராஸ்கோ கேட்டான்.

"போய் உட்காரு ராஸ்கோ. எல்லார் கையிலயும் விசிறி இருக்கு."

"நம்ம ஓட்டு எங்கே போயிடப் போகுதுன்னு கட்சி ஆபீஸ்ல நிம்மதியா இருக்காங்க. கெடுத்துடாதீங்க."

"அப்படியா சொன்னாங்க?" என்றவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

விட்காம் அரைமணி தாமதமாக வந்தார். பாட்டுக்குத் தாளம் தப்பிக் கை தட்டினார். பிறகு மேடையேறினார்.

"ஜெயிச்சதும் முதல் வேலை, மூடிக் கிடக்கிற உங்க ஆஸ்பத்திரியைத் திறக்கிறதுதான்!"

வழக்கமாக அந்த இடத்தில் கூரை அதிர 'ஆமென்' வரும். இன்று ஒரு குரல்கூட எழவில்லை. விசிறிகள் மட்டும் அசைந்தன.

எல்லாம் பழைய தேர்தல்களில் வந்த விசிறிகள்; எல்லாவற்றிலும் விட்காம்தான். முன்வரிசை விசிறிகளில் தலை நிறைய முடி, நடுவரிசையில் பாதி, பின்வரிசையில் வழுக்கை. மூன்று தேர்தலுக்கும் வாசகம் ஒன்றேதான்: 'ஜெயித்ததும் முதல் வேலை, ஆஸ்பத்திரி.'

விட்காம் கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். ராஸ்கோவுக்கு அவமானமாக இருந்தது. அத்தனையையும் சுமந்து வந்தவன் அவன்தானே.

கூட்டம் கலைந்ததும் வெர்லீனிடம் மெதுவாகக் கேட்டான். "அப்போ இந்தத் தடவை ஓட்டுப் போட மாட்டீங்களா?"

"போடுவேன். அந்தப் பக்கத்து ஆளு நம்ம வாசப்படியைக்கூட மிதிச்சதில்லையே."

"அப்புறம் ஏன்க்கா புது விசிறியைப் பிரிக்கல?"

வெர்லீன் பெட்டியைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"அழுக்காயிடும்ப்பா. அடுத்த தேர்தலுக்கு வேணுமே."